கடலுணவில் ஃப்ளோரைடு அளத்தல்: வெட்டுப்பலகை முதல் மில்லிவோல்ட் வரை

கரைசலில் உள்ள ஃப்ளோரைடின் செறிவுக்கேற்ப மில்லிவோல்ட் காட்டும் ஃப்ளோரைடு மின்முனையை இறக்கி எண்ணைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் தவறு நடப்பது அரிது. தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இரண்டு நாள் முன்பே, மீனை வெட்டும்போதும் மூசையில் (உலைக்குள் வைக்கும் சிறு உலோகக் கிண்ணம்) போடும்போதும் உண்டாகிவிடுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் மீட்டரைவிட வெட்டுப்பலகைக்கும் உலைக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம், தனியார் உணவு ஆய்வகம் ஆகிய இடங்களில் அடிப்படை வேதியியல் கைப்பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது இது. 600 டிகிரியில் உருகிய நிலையில் உள்ள காரத்தையும் அடர் அமிலத்தையும் கையாள வேண்டியிருப்பதால் வீட்டில் செய்யக்கூடிய வேலையல்ல.

மூன்று நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் வாங்குவது, வெட்டுவது, உலர வைப்பது. இரண்டாம் நாள் அரைப்பது, காரத்தில் ஊற வைப்பது. மூன்றாம் நாள் உலை, கரைப்பு, அளவீடு. இரண்டு நாளில் முடிக்கப் பார்த்தால் உலர்த்தலைத்தான் குறைக்க நேரும். ஈரம் மிஞ்சினால் எடைக்கணக்கு முழுவதும் பிசகும்.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடல் உயிர்களில் ஃப்ளோரைடு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. முள், செதில், ஓடு ஆகியவற்றில் அது குவிகிறது. சதையில் மிகக் குறைவு. ஒரே மீனின் சதையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் இருக்கும்போது அதன் முள்ளில் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். இறாலைப் போன்ற சிறு கடலுயிரான கிரிலின் ஓட்டில் இது ஆயிரத்தைத் தாண்டும். ஐரோப்பிய ஒன்றியம் கால்நடைத் தீவனத்துக்கான விதிகளில், விலங்குகளிலிருந்து பெறும் மற்ற பொருள்களுக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்றும் கிரில் உள்ளிட்ட கடல் ஓட்டுயிர்களுக்கு 3,000 என்றும் தனித்தனி வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

ஆகவே ‘மீனில் எவ்வளவு’ என்ற கேள்வி முழுமையானதல்ல. வஞ்சிரம் என்றால் தோலும் முள்ளும் நீக்கிய சதையா? நெத்திலி என்றால் முழுதாகவா, தலையும் குடலும் கிள்ளி எறிந்த பிறகா? டின் சார்டின் என்றால் மெத்தென்று வெந்த முள்ளும் சேர்த்தா? சாப்பிடுபவர் எதைச் சாப்பிடுகிறாரோ அதையே அளப்பது பொதுவாகச் சரியான முடிவு. முடிவை எழுதி வைத்த பிறகே கத்தியை எடுங்கள். பிறகு மாற்றினால் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

இந்த முடிவே செய்முறையையும் தீர்மானிக்கிறது. முள்ளில்லாத சதைக்குக் காரத்தில் உருக்கும் முறை (பகுதி 5). ஓடு, முள், முழு நெத்திலி போன்றவற்றுக்கு அமிலத்தில் கரைக்கும் முறை (பகுதி 6).

2. முன்கூட்டியே வேண்டியவை

லாந்தனம் ஃப்ளோரைடு படிகம் பொருத்திய ஃப்ளோரைடு மின்முனை, ஒப்பீட்டு மின்முனை (இரண்டும் ஒன்றாக இணைந்ததும் சரி), 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் மீட்டர், காந்தக் கலக்கி, பி.எச். மீட்டர். மூடியுள்ள 50 மில்லிலிட்டர் நிக்கல் மூசைகள் குறைந்தது பன்னிரண்டு. படிப்படியாக வெப்பம் ஏற்றக்கூடிய மஃபிள் உலை. 105 டிகிரி அடுப்பு அல்லது உறைநிலை உலர்த்தி. பாலிபுரோப்பிலீன் பீக்கர், குடுவை, புனல்.

மூசை ஏன் நிக்கல்? பீங்கானை உருகிய காரம் அரிக்கும். பிளாட்டினமும் உருகிய காரத்தைத் தாங்காது. நிக்கல் கொஞ்சம் கரைந்தாலும் பிறகு ஹைட்ராக்சைடாக வடிகட்டியில் தங்கிவிடும்.

பாத்திரம் ஏன் பிளாஸ்டிக்? அமிலத்தில் ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். குறைந்த செறிவில் அந்தச் சிறு இழப்பும் தெரியும். டெஃப்லான் காந்தத்துண்டை அறை வெப்பத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் டெஃப்லான் எதுவும் உலைக்குள் போகக் கூடாது. அது சிதைந்து ஃப்ளோரின் சேர்மங்களை வெளியிட்டு, உலையையும் அதில் உள்ள எல்லா மூசைகளையும் கெடுத்துவிடும். களிமண், சிமெண்டு, மண் மாதிரிகளை எரிக்கும் உலையையும் இதற்குப் பகிராதீர்கள்.

நீர் விஷயத்தில் சிங்கப்பூருக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் குழாய் நீரில் பல் நலத்துக்காக ஃப்ளோரைடு சேர்க்கப்படுகிறது. லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம். மீனைக் குழாய் நீரில் ஒருமுறை அலசுவதால் வரும் கேடு சிறிது: 100 கிராம் சதையில் 5 மில்லிலிட்டர் நீர் ஒட்டினாலும் 2.5 மைக்ரோகிராம்தான், அதாவது கிலோவுக்கு 0.025 மில்லிகிராம். ஆனால் 50 மில்லிலிட்டர் குடுவையைத் தவறுதலாகக் குழாய் நீரால் நிரப்பினால் 25 மைக்ரோகிராம் சேர்ந்துவிடும். மூசையில் உள்ள மீனிலிருந்து வருவதே 8 முதல் 10 மைக்ரோகிராம்தான். கழுவித் தலைகீழாக வைத்த பாத்திரத்தில் குழாய் நீர்த்துளி காய்ந்திருந்தாலும் அதே சிக்கல். எனவே கடைசி மூன்று அலசல் கட்டாயம் 18 மெகாஓம் தரத்துக்கு அயனி நீக்கிய தூய நீரில் இருக்கட்டும்.

3. கரைசல்களை முதல் நாளே தயாரியுங்கள்

ஃப்ளோரைடு மூலக்கரைசல்: சோடியம் ஃப்ளோரைடை 110 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தி, ஆறவிட்டு, 0.2210 கிராம் எடுத்து 1 லிட்டராக்குங்கள். இது லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃப்ளோரைடு. இதில் 10 மில்லிலிட்டரை 100 ஆக்கினால் 10 மில்லிகிராம் கரைசல். பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள். சோடியம் ஃப்ளோரைடு நச்சுப்பொருள். அதை எடைபோடும்போது கையுறை அணியுங்கள்.

டிஸாப் (TISAB) பஃபர், அதாவது அளக்கும்போது மாதிரியோடு கலக்கும் கரைசல்: சுமார் 500 மில்லிலிட்டர் நீரில் 57 மில்லிலிட்டர் கிளேசியல் அசிட்டிக் அமிலம், 58 கிராம் சோடியம் குளோரைடு, உலோக அயனிகளைப் பிடிக்கும் சி.டி.டி.ஏ. (CDTA) 4 கிராம் சேர்த்து, குளிர்நீரில் பாத்திரத்தை வைத்தபடி 5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 5.0–5.5-க்குக் கொண்டுவந்து 1 லிட்டராக்குங்கள். சி.டி.டி.ஏ. முதலில் கரைய மறுக்கும். காரம் சேரச் சேரக் கரையும். கரையவில்லையே என்று சூடாக்க வேண்டாம்.

இந்தப் பஃபரின் வேலை மூன்று. பி.எச். 5-க்குக் கீழே போனால் ஃப்ளோரைடின் ஒரு பகுதி ஹைட்ரஜன் ஃப்ளோரைடாக மாறி மின்முனையின் கண்ணில் படாமல் போகும். 8-க்கு மேல் போனால் ஹைட்ராக்சைடை மின்முனை ஃப்ளோரைடு என்று எண்ணிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கரைசலை நிறுத்துவது முதல் வேலை. ஃப்ளோரைடைப் பிடித்து வைத்திருக்கும் அலுமினியத்தையும் இரும்பையும் சி.டி.டி.ஏ. தன் பக்கம் இழுத்துக்கொள்வது இரண்டாவது. எல்லாக் கரைசல்களின் அயனி வலிமையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது மூன்றாவது.

உருக்குவதற்கான காரம்: 67 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகக் கரைத்து, ஆறிய பின் 100 மில்லிலிட்டராக்குங்கள். கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். ஆவியை வெளியே இழுக்கும் பியூம் ஹூட்டுக்குள் செய்யுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் திறந்து வைத்த காரக் குருணைகள் சில நிமிடங்களில் நீர் கோத்துவிடும். எடை பார்த்ததும் மூடிவிடுங்கள். ஒரு தொகுதிக்கு வேண்டிய காரம் முழுவதையும் ஒரே புட்டியிலிருந்து எடுங்கள். காரத்திலேயே சிறிது ஃப்ளோரைடு உண்டு. புட்டிக்குப் புட்டி அது மாறும்.

4. வாங்குவதும் வெட்டுவதும்

புதியவர்கள் அவசரமாகக் கடக்கும் படி இது. முழு வேலையின் நம்பகத்தன்மையும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். மூசையில் 2 கிராம் உலர்ந்த சதை இருக்கிறது. அதில் 8 முதல் 10 மைக்ரோகிராம் ஃப்ளோரைடு. அதில் 10 மில்லிகிராம் எடையுள்ள ஒரு முள் துணுக்கு கலந்துவிட்டது. அந்த முள்ளில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்று வைத்துக்கொண்டால், துணுக்கு மட்டும் 10 மைக்ரோகிராம் தரும். முடிவு இரட்டிப்பாகிவிடும். விரல் நுனியில் தட்டுப்படாத துணுக்கு அது.

தேக்கா சந்தையிலோ வேறு ஈரச்சந்தையிலோ வஞ்சிரம் வாங்கினால் வட்டத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லாதீர்கள். நடுமுள்ளைக் குறுக்கே அறுக்கும்போது முள் பொடி சதை முழுவதும் தடவப்படும். உறைந்த மீனை மின்வாளால் அறுத்தால் இன்னும் மோசம். முழு மீனாகவோ பெரிய துண்டமாகவோ வாங்கி, ஆய்வகத்தில் முள்ளை ஒட்டி நீளவாக்கில் சதையை உரித்தெடுங்கள். முள்ளை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் சதையை விட்டுவிட்டாலும் தாழ்வில்லை.

வரிசை முக்கியம். முதலில் செதிலைச் சுரண்டுங்கள். பிறகு மீனைத் தூய நீரில் அலசி, பலகையையும் கத்தியையும் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள். அதன் பிறகே தோலை உரித்துச் சதையை எடுங்கள். செதிலும் முள்ளைப் போன்ற கனிமப் பொருள்தான். செதில் ஒட்டிய பலகையில் சதையை வைத்தால் அதுவரை பட்ட பாடு வீண். மரப்பலகை வேண்டாம். அதன் கீறல்களில் துணுக்குகள் தங்கும்.

எடுத்த சதைத் துண்டை விளக்கு மேசை மேல் பரப்பி, கீழிருந்து வெளிச்சம் விட்டு, நுண்முள்களை இடுக்கியால் பிடுங்குங்கள். கொடுவா, சங்கரா போன்றவற்றில் தலைக்குப் பின்னால் உள்ள முன்பகுதியில் வரிசையாக இருக்கும். அந்தப் பகுதியைச் சீவி எறிவது எளிது.

இறாலை உறைய வைப்பதற்கு முன்பே உரித்துவிடுங்கள். கிரிலில், உயிர் போன பிறகு ஓட்டிலிருந்து ஃப்ளோரைடு சதைக்குள் ஊர்ந்து செல்வது நன்கு அறியப்பட்ட ஒன்று. சாதாரண உறைபெட்டி வெப்பநிலையிலும் அது முற்றிலும் நிற்பதில்லை. இறாலிலும் அதே எச்சரிக்கையோடு இருப்பது நல்லது. உறைந்து வந்த இறால் என்றால், உருகவிடாமல் பாதி உறைந்த நிலையிலேயே உரித்து, ‘உறைந்த நிலையில் வாங்கியது’ என்று பதிவு செய்யுங்கள். வாலின் கடைசிக் கணுவில் ஓடு ஒட்டியிருக்கும். அதை வெட்டித் தள்ளுங்கள்.

நண்டு கடினம். பச்சையாக உரித்தால் ஓட்டுச் சில்லு விழும். வேகவைத்தால் சதை எளிதில் வரும். ஆனால் நீரில் கொதிக்க வைக்காமல் ஆவியில் அவித்து, அதைக் குறிப்பில் எழுதுங்கள். உதிர்த்த சதையை வெள்ளைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி இருமுறை பாருங்கள்.

மட்டி, சிப்பி வகைகளில் சிக்கல் மணல். களிமண்ணிலும் ஃப்ளோரைடு உண்டு. காரத்தில் உருக்கும்போது மண்ணுக்குள் பூட்டியிருப்பதும் வெளிவந்து கணக்கில் சேரும். சாப்பிடுபவரின் வயிற்றில் அது அத்தனையும் கரையும் என்று சொல்ல முடியாது. சுத்தமான உப்புநீரில் ஓர் இரவு விட்டு மணலைக் கக்க வைத்த பிறகே திறவுங்கள்.

ஒரே மீனை அளந்து ‘இந்த வகை மீன்’ என்று எழுதுவதை ஏற்க முடியாது. குறைந்தது ஐந்து மீன்களின் சதையைச் சம அளவில் கலந்து ஒரு கூட்டு மாதிரி செய்யுங்கள். தனித்தனியாகவும் ஒரு பங்கு உறைய வையுங்கள். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க உதவும்.

உலர்த்தல்: ஈர எடையைக் குறித்துக்கொண்டு 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். பெரும்பாலான மீன் சதையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர். உலர்ந்ததை அரைத்து, ஈரம் உறிஞ்சும் டெசிகேட்டரில் வையுங்கள். நெத்திலிப் பொடி உப்பு நிறைந்தது. குளிரூட்டிய அறையிலும் தட்டில் இருக்கும்போதே எடை ஏறும். காணாங்கெளுத்தி, சாளை, சால்மன் போன்ற கொழுப்பு மீன்களை அரைத்த பின் பெட்ரோலியம் ஈதரால் கொழுப்பு நீக்குங்கள். கனிம ஃப்ளோரைடு கொழுப்போடு போகாது. ஆனால் நீக்கிய கொழுப்பின் எடையைக் குறிக்காவிட்டால் கடைசிக் கணக்கு வராது. அரைப்பானில் எப்போதும் சதையை முதலிலும் ஓடு, நெத்திலியைக் கடைசியிலும் அரையுங்கள்.

5. சதை: காரத்தில் உருக்கிக் கரைத்தல்

பன்னிரண்டு மூசைகள் ஒரு தொகுதி. இரண்டு வெற்று மூசை (மாதிரி இல்லாமல் எல்லாம் சேர்த்தது), ஒன்று ஃப்ளோரைடு அளவு சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள், ஒன்று தெரிந்த அளவு ஃப்ளோரைடு கூட்டிய மாதிரி, மீதி எட்டில் நான்கு மாதிரிகள் இரண்டிரண்டாக. இடம் போதவில்லை என்று வெற்று மூசையைக் கைவிடுபவர்கள் உண்டு. அதைக் கைவிட்டால் தொகுதியே கைவிட்டது போலத்தான்.

முதலில், 2.000 கிராம் உலர்ந்த பொடியை மூசையில் எடுத்து 6 மில்லிலிட்டர் காரக்கரைசலை மேலெல்லாம் படும்படி ஊற்றுங்கள். பிளாஸ்டிக் குச்சியால் பிசைந்து ஓர் இரவு ஊற விடுங்கள். காரம் ஊறாத பொடி உலையில் எரியும்போது அதிலுள்ள ஃப்ளோரைடு ஆவியாகத் தப்பிவிடும். காரம்தான் அதைப் பிடித்து வைக்கிறது.

அடுத்து, 105 டிகிரியில் நன்கு காய விடுங்கள். ஈரத்தோடு உலைக்குள் வைத்தால் தெறிக்கும்.

பிறகு உலை. மூடியைச் சற்றே விலக்கி வைத்து, அறை வெப்பத்திலிருந்து 300 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்தில் ஏற்றி, புகை அடங்கும் வரை அங்கேயே நிறுத்துங்கள். காரத்தோடு சேர்ந்த கொழுப்பு சோப்பாகி நுரைக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மூசை பொங்கி வழியும். வழிந்த மூசையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கத்து மூசையில் தெறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். புகை அடங்கிய பின் 600 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வைத்து, உலையை அணைத்து உள்ளேயே ஆற விடுங்கள்.

கரி மிஞ்சியிருந்தால் சில துளி நீர் விட்டு, காய வைத்து, மறுபடி 600 டிகிரியில் அரை மணி நேரம். கறுப்பு முழுவதும் போக வேண்டும் என்பதில்லை. சில கரித்துகள்கள் வடிகட்டியில் நின்றுவிடும்.

நன்றாக ஆறிய மூசையில் மட்டுமே 15 மில்லிலிட்டர் வெந்நீர் விட்டுக் கட்டியைக் கரையுங்கள். சூடான காரத்தில் நீர் பட்டால் முகத்தில் தெறிக்கும். முகக்கவசம் இல்லாமல் இந்தப் படி வேண்டாம். பிளாஸ்டிக் பீக்கருக்கு மாற்றி, பனிநீரில் வைத்துக் கலக்கியபடி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விடுங்கள். சுமார் 8 மில்லிலிட்டர் பிடிக்கும். உலையில் காரம் உறிஞ்சிய கரியமில வாயு நுரைத்துக் கிளம்பும். நுரை அடங்க நேரம் கொடுங்கள்.

பி.எச். 8–9-இல் நிறுத்துங்கள். அந்த இடத்தில் இரும்பும் நிக்கலும் வீழ்படிவாகி வடிகட்டியில் நிற்கும். புதியவர்கள் வழக்கமாக 7-ஐத் தாண்டி 3, 4-க்குப் போய், பிறகு காரம் விட்டுத் திரும்பி வருகிறார்கள். அப்படிப் போனால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உருவாகும். கரைந்த உலோகங்களும் ஃப்ளோரைடைப் பற்றிக்கொள்ளும். கடைசி ஒரு மில்லிலிட்டருக்கு நீர்த்த அமிலத்துக்கு மாறினால் இந்தத் தடுமாற்றம் வராது.

வடிகட்டி, அலசல் நீரையும் சேர்த்து, 50 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் குடுவையில் நிரப்புங்கள். 100-ஆக நிரப்பும் முறைகளும் உண்டு. தாவரம், மண் போன்றவற்றுக்கு அது போதும். மீன் சதைக்கு 1 கிராமை 100 ஆக்கிப் பஃபரும் கலந்தால் லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். அது மின்முனையின் நம்பகமான எல்லையின் விளிம்பு. 2 கிராமும் 50 மில்லிலிட்டரும் எடுத்தால் அதே மாதிரி 0.1-க்கு அருகில் வந்து நிற்கும்.

6. ஓடு, முள், முழு நெத்திலி: அமிலத்தில் கரைத்தல்

இவற்றைக் காரத்தில் உருக்கினால் ஏராளமான கால்சியம் வந்து ஃப்ளோரைடை வீழ்படிவாக்கிவிடும். அமிலமும் சிட்ரேட்டும் இங்கே நல்ல வழி.

0.250 கிராம் நுண்பொடியை மூடியுள்ள பாலிபுரோப்பிலீன் புட்டியில் எடுத்து, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லிலிட்டரைச் சிறிது சிறிதாக விடுங்கள். நண்டு ஓடு பொங்கும். அடங்கியதும் மூடி, ஒரு மணி நேரம் கலக்குங்கள். மூடி கட்டாயம். அமிலத்தில் ஃப்ளோரைடு ஆவியாகக்கூடிய வடிவில் இருக்கிறது.

1 மோலார் சோடியம் சிட்ரேட் (டைஹைட்ரேட் என்றால் லிட்டருக்கு 294 கிராம்) 25 மில்லிலிட்டர் சேர்த்து, பி.எச். 5.3-க்குச் சரிசெய்து, 100 மில்லிலிட்டராக்குங்கள். சிட்ரேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். பஃபராகவும் அதுவே நிற்கும், தனியே டிஸாப் தேவையில்லை. கரையாமல் மிதப்பது கைட்டின் என்ற ஓட்டுப்பொருள். அதைப் பொருட்படுத்த வேண்டாம். தரக்கரைசல்களையும் (ஒப்பிடுவதற்கான, செறிவு தெரிந்த கரைசல்கள்) இதே அமிலம், சிட்ரேட் கலவையில் லிட்டருக்கு 0.2 முதல் 10 மில்லிகிராம் வரை தயாரியுங்கள்.

7. மின்முனையைச் சோதித்து அளவீடு செய்தல்

சதை முறைக்கு 0.05, 0.1, 0.2, 0.5, 1.0 மில்லிகிராம் என ஐந்து தரக்கரைசல்கள். இவற்றை வெறும் நீரில் செய்யக் கூடாது. அதே காரத்தை அதே அமிலத்தால் நடுநிலையாக்கிய உப்புநீரில் செய்யுங்கள். மாதிரியில் சுமார் 2 மோலார் உப்பு இருக்கிறது. தரக்கரைசலில் அது இல்லாவிட்டால் இரண்டும் வெவ்வேறு மொழி பேசும்.

பீக்கரில் 25 மில்லிலிட்டர் கரைசல், 25 மில்லிலிட்டர் டிஸாப். பஃபர் கலந்த பின் பி.எச். 5.0–5.5-இல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பீக்கரிலும் சரிபாருங்கள்.

செறிவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போங்கள். பத்து மடங்கு செறிவுக்கு 54 முதல் 60 மில்லிவோல்ட் மாற வேண்டும். 25 டிகிரியில் கோட்பாட்டு மதிப்பு 59.2. 54-க்குக் கீழே இருந்தால் மாதிரியைத் தொடாதீர்கள். முதலில் ஒப்பீட்டு மின்முனையின் உள்கரைசலை மாற்றுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் படிகத்தை உற்பத்தியாளர் சொல்லும் முறையில் மெருகிட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் கரைசலில் ஓர் இரவு ஊற வையுங்கள்.

1 மில்லிவோல்ட் பிசகினால் செறிவு 4 சதவீதம் பிசகும். அதனால் வெப்பநிலையில் கவனம் தேவை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தரக்கரைசலும் மேசை மேல் இருந்த மாதிரியும் ஒரே வெப்பநிலைக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். காந்தக் கலக்கியின் மோட்டார் பீக்கரைச் சூடாக்கும். இடையில் ஓர் அட்டையோ நுரைப்பலகையோ வையுங்கள். குளிர்சாதனக் காற்று நேரே பீக்கர் மேல் அடிக்காமல் இருக்கட்டும்.

0.1 மில்லிகிராமுக்குக் கீழே கோடு வளையத் தொடங்கும். அங்கே நேர்கோட்டை நீட்டி எண் எடுக்காதீர்கள்.

8. மாதிரியை அளத்தல்

மின்முனையை இறக்கியதும் படிகத்தின் அடியில் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சற்றுச் சாய்த்து இறக்கினால் குமிழி தங்காது. ஒரே வேகத்தில் கலக்குங்கள். ஒரு நிமிடத்தில் 0.2 மில்லிவோல்ட்டுக்கு மேல் மாறாத நிலை வரும் வரை காத்திருங்கள். செறிவு குறைந்த மாதிரிகளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். முப்பது நொடியில் படித்து எழுதுவதே இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் பிழை.

ஓடுகளை அளந்த பீக்கர்களையும் மின்முனையையும் அன்றே சதைக்குப் பயன்படுத்த வேண்டாம். சதை முதலில், ஓடு மறுநாள்.

ஒவ்வொரு தொகுதியிலும் சில மாதிரிகளையாவது சேர்ப்பு முறையில் சரிபாருங்கள். பீக்கரில் உள்ள 50 மில்லிலிட்டரின் மில்லிவோல்ட்டைக் குறித்துக்கொண்டு, 10 மில்லிகிராம் கரைசலில் 0.5 மில்லிலிட்டர் சேர்த்து மறுபடி படியுங்கள். கூடிய செறிவு லிட்டருக்கு 0.099 மில்லிகிராம். மில்லிவோல்ட் 18.0 இறங்கியது, மின்முனையின் சரிவு (பத்து மடங்கு செறிவுக்கு மாறும் மில்லிவோல்ட்) 58.5 என்று கொள்வோம். 18.0-ஐ 58.5-ஆல் வகுத்தால் 0.308. பத்தின் 0.308 அடுக்கு 2.03. அதில் 1 கழித்தால் 1.03. 0.099-ஐ இதால் வகுத்தால் 0.096. பீக்கரில் முதலில் இருந்த செறிவு அதுவே.

9. கணக்கு

பீக்கரில் பாதி பஃபர் என்பதால் 0.096-ஐ இரட்டிப்பாக்க வேண்டும்: 0.192. அதைக் குடுவையின் 50 மில்லிலிட்டரால் பெருக்கினால் 9.6 மைக்ரோகிராம். வெற்று மூசை 1.2 காட்டியிருந்தால் மீதி 8.4. 2 கிராமால் வகுத்தால் உலர் எடையில் கிலோவுக்கு 4.2 மில்லிகிராம். ஈரம் 77 சதவீதம் என்றால் 0.23-ஆல் பெருக்குங்கள்: ஈர எடையில் கிலோவுக்கு 0.97 மில்லிகிராம்.

பஃபருக்காக இரட்டிப்பாக்குவது மறந்துபோகும் இடம் இது. தரக்கரைசல்களும் அதே விகிதத்தில் பஃபர் கலந்து அளக்கப்பட்டு, கோட்டில் அவற்றின் மூலச்செறிவையே குறித்திருந்தால், கோட்டிலிருந்து படிக்கும் எண்ணை இரட்டிப்பாக்கக் கூடாது. சேர்ப்பு முறையில் வந்த எண்ணை மட்டும் இரட்டிப்பாக்க வேண்டும்.

10. எண்ணை நம்பலாமா

வெற்று மூசைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்க வேண்டும். ஒன்று 1.2, மற்றொன்று 4 என்றால் எங்கோ மாசு. அதைத் தேடிப் பிடிக்காமல் சராசரி எடுக்காதீர்கள்.

கூட்டிய மாதிரியில் 10 மைக்ரோகிராம் ஃப்ளோரைடைக் காரம் ஊற்றுவதற்கு முன்பே சேர்த்திருக்க வேண்டும். கரைத்த பின் சேர்த்தால் உலையில் நடந்த இழப்பு தெரியாது. 90 முதல் 110 சதவீதம் திரும்பக் கிடைத்தால் நல்லது. ஒப்பீட்டுப் பொருளுக்கு அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் (NIST) வெளியிட்ட 2695 (தாவரத்தில் ஃப்ளோரைடு) பலர் பயன்படுத்துவது. அது மீனல்ல என்பதால் கூட்டிய மாதிரிக்கு மாற்றாகாது.

கண்டறியும் எல்லையை வெவ்வேறு நாள்களில் செய்த குறைந்தது ஏழு வெற்று மூசைகளிலிருந்து கணக்கிடுங்கள். அவற்றின் திட்டவிலக்கம் 0.3 மைக்ரோகிராம் என்றால் அதன் மும்மடங்கு 0.9. 2 கிராமுக்கு அது உலர் எடையில் கிலோவுக்கு 0.45, ஈர எடையில் சுமார் 0.1 மில்லிகிராம்.

11. பிழையை அறிகுறி கொண்டு பிடித்தல்

இரட்டை மூசைகளில் ஒன்று மட்டும் மிக உயர்ந்திருந்தால், மீட்டரைச் சந்தேகிக்கும் முன் முள் துணுக்கைச் சந்தேகியுங்கள். மிச்சமிருக்கும் பொடியை நுண்சல்லடையில் சலித்துப் பாருங்கள். மேலே நிற்பது முள்.

எல்லா மாதிரிகளும் ஒரே அளவு உயர்ந்து, வெற்று மூசையும் உயர்ந்திருந்தால் காரம், நீர், கழுவிய பாத்திரம் என்ற வரிசையில் தேடுங்கள்.

கூட்டிய மாதிரியில் 70 சதவீதம் மட்டுமே திரும்பக் கிடைத்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. காரம் ஊறாமல் எரிந்திருக்கும், அல்லது நடுநிலையாக்கும்போது அமிலப் பக்கம் போயிருக்கும். காகிதப் பட்டையை மட்டும் நம்பாமல் பி.எச். மீட்டரால் மறுபடி செய்து பாருங்கள்.

மில்லிவோல்ட் நிற்காமல் ஒரே திசையில் ஊர்ந்தால் வெப்பநிலை, அல்லது கரைசலில் மிஞ்சிய கரியமில வாயு. அங்குமிங்கும் துள்ளினால் குமிழி, அல்லது ஒப்பீட்டு மின்முனையின் அடைப்பு.

12. அறிக்கையில் எழுத வேண்டியவை

மீனின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பகுதி, தோலும் முள்ளும் நீக்கியதா, பச்சையா அவித்ததா, உறைந்து வந்ததா, எத்தனை மீன்களின் கலவை, ஈரப்பதம் எவ்வளவு, எண் ஈர எடைக்கா உலர் எடைக்கா, எந்தக் கரைப்பு முறை ஆகியவை எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சந்தையில் மலாய்ப் பெயர், தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் என ஒரே மீனுக்குப் பல பெயர்கள் புழங்குவதால் அறிவியல் பெயரையும் சேருங்கள்.

எல்லைக்குக் கீழே வந்ததைச் சுழியம் என்று எழுதாதீர்கள். ‘கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்குக் குறைவு’ என்று எழுதுங்கள். ஒழுங்குமுறைக்காகவோ வணிகச் சான்றுக்காகவோ எண் தேவைப்பட்டால், இந்தச் சோதனைக்கென்றே ஆய்வகத் திறனுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான் அதைத் தர வேண்டும். ஆய்வகத்துக்குப் பொதுவாக அங்கீகாரம் இருப்பது போதாது. அங்கீகாரப் பட்டியலில் ஃப்ளோரைடும் உணவும் சேர்ந்து இருக்கிறதா என்று கேளுங்கள்.

மீந்த கரைசல்களைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நிக்கல் கலந்த வடிகட்டித் தாளையும் ஃப்ளோரைடு கரைசல்களையும் தனித்தனிப் புட்டிகளில் பெயரிட்டு வைத்து, தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக்கழிவு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். உறைய வைத்த தனி மீன் பங்குகளை அறிக்கை ஏற்கப்படும் வரை எறியாதீர்கள்.